ஓஎஸ் எக்ஸ் மேக்ஓஎஸ் ஆனபோது எங்கள் கையேடு பட்ட பாடு: ஒரு நிகழ்வு ஆய்வு

முதலில் வந்தது ஒரு சின்ன டிக்கெட், அதாவது பயனர் புகார். நிறுவல் பக்கத்தில் கொடுத்திருந்த ஸ்கிரிப்டை (கட்டளைகளின் தொகுப்பு) ஒரு பயனர் அப்படியே எடுத்து, கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் சாளரத்தில் ஒட்டி ஓட்டியிருக்கிறார். "இந்த இயங்குதளத்துக்கு ஆதரவு இல்லை" என்று நின்றுவிட்டது. அவர் ஓட்டியதோ ஆப்பிளின் மேக் கணினிகளுக்கு அப்போதுதான் வெளிவந்திருந்த இயங்குதளமான மேக்ஓஎஸ் சியரா. எங்கள் பக்கத்தின் தலைப்பிலும் கொட்டை எழுத்தில் "மேக்ஓஎஸ்" என்றுதான் இருந்தது. எங்களில் யாருக்கும் முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. மென்பொருளில் அந்த வாரம் ஒரு வரிகூட மாறவில்லை. மாறியது கையேடு மட்டும்தான், அதிலும் ஒரே ஒரு பெயர்.

அந்தப் பெயர்மாற்றத்தைச் செய்தவன் நான். ஆகவே இந்தக் கதையில் பழியை வேறு எங்கும் தேடிப் போக வேண்டியதில்லை.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது மூன்று இயங்குதளங்களில் ஓடும் ஒரு கட்டளைவரிக் கருவி. மூலக் கையேடு ஆங்கிலத்தில் இருக்கும். அதிலிருந்து தமிழ் உட்படச் சில மொழிகளுக்கு மொழிபெயர்ப்பு போகும். தமிழ்ப் பக்கத்தையும் நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆப்பிளின் அந்த இயங்குதளத்துக்குப் பெயர் மாறுவது 2016-இல் முதல் தடவை அல்ல. 2001 மார்ச் 24 அன்று 10.0 பதிப்பாக வெளிவந்தபோது அது மேக் ஓஎஸ் எக்ஸ். அந்த எக்ஸ் ரோமன் எண் பத்து, "டென்" என்றே படிக்க வேண்டும் என்பார்கள். ஆனால் ஊர் முழுக்க எக்ஸ் என்றே படித்தது. 2012-இல் 10.8 மவுன்டன் லயன் வந்தபோது முன்னால் இருந்த "மேக்" கழன்று வெறும் ஓஎஸ் எக்ஸ் ஆனது. 2016 ஜூன் 13 அன்று மேக்ஓஎஸ் என்று அறிவித்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 20-இல் 10.12 சியரா அந்தப் பெயரோடு வெளியானது. ஐஓஎஸ், வாட்ச்ஓஎஸ், டிவிஓஎஸ் என்ற வரிசையில் இதையும் உட்கார வைத்த ஏற்பாடு அது. ஐஓஎஸ்கூட 2010 வரை ஐபோன் ஓஎஸ் என்றுதான் இருந்தது.

ஆக, எங்கள் கையேட்டில் அதற்குள் இரண்டு தலைமுறைப் பெயர்கள் கலந்து கிடந்தன. பழைய பக்கங்களில் மேக் ஓஎஸ் எக்ஸ், பிறகு எழுதியவற்றில் ஓஎஸ் எக்ஸ், சில இடங்களில் எழுதியவர் மனம்போலச் சேர்த்தும் பிரித்தும். புதுப் பெயர் வந்தது நல்ல சாக்கு என்று நினைத்து எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சுத்தம் செய்துவிடலாம் என்று இறங்கினேன். தேடி மாற்று, அவ்வளவுதானே.

முதல் ஓட்டத்தில் "ஓஎஸ் எக்ஸ்" இருக்கும் இடமெல்லாம் "மேக்ஓஎஸ்" ஆக்கினேன். "மேக் ஓஎஸ் எக்ஸ்" என்று முழுதாக இருந்த இடங்கள் "மேக் மேக்ஓஎஸ்" என்று திக்கத் தொடங்கின. நீளமான பெயரை முதலில் மாற்றிவிட்டுக் குட்டையானதுக்கு வர வேண்டும் என்பது எவருக்கும் தெரிந்த பாடம், தெரிந்தும் செய்தேன். அதைச் சரிசெய்தால் ஆங்கில மூலத்தில் இன்னொன்று முளைத்தது. ஓஎஸ் எக்ஸ் உயிர் ஒலியில் தொடங்குவதால் அதன் முன் "ஆன்" வரும். மேக்ஓஎஸ் மெய்யொலியில் தொடங்குவதால் "அ" வர வேண்டும். கையேடு முழுக்க "ஆன்" அப்படியே நின்று பல்லிளித்தது. அதையும் துரத்திப் பிடித்தோம். வரி நீளத்துக்காக மூலக் கோப்பில் மடித்த இடங்களில் ஓஎஸ் ஒரு வரியிலும் எக்ஸ் அடுத்த வரியிலும் இருந்ததால் அவை தேடலிலேயே சிக்கவில்லை. இரண்டு சொல்லும் பிரியாமல் இருக்க யாரோ போட்டிருந்த உடையா இடைவெளியும் அப்படித்தான் தப்பியது.

அரை நாளில் முடிந்தது. கமிட், அதாவது ஒன்றாகச் சேமித்த மாற்றங்களின் தொகுப்பு, நீளமாக இருந்தது, நூற்றுக்கணக்கான வரிகள், ஒவ்வொன்றிலும் ஒரே மாற்றம். இப்படிப்பட்ட கமிட்டை ரிவியூ செய்கிறவர் முதல் இருபது வரியைப் படிப்பார், மிச்சத்தை உருட்டிவிட்டுச் சரி போடுவார். அப்படித்தான் நடந்தது. நானாக இருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

உருட்டியதில் தப்பிய வரி நிறுவல் ஸ்கிரிப்டுக்குள் இருந்தது. மேக்கில் "எஸ்டபிள்யூ வெர்ஸ்" என்று ஒரு கட்டளை உண்டு. இயங்குதளத்தின் பெயரையும் பதிப்பையும் அதனிடம் கேட்டு வாங்கலாம். எங்கள் ஸ்கிரிப்ட் அதனிடம் பெயரைக் கேட்டு, வந்த பதில் "மேக் ஓஎஸ் எக்ஸ்" என்றால் மேலே போ, இல்லையென்றால் நில் என்று எழுதப்பட்டிருந்தது. என் மாற்றத்துக்குப் பிறகு, பதில் "மேக்ஓஎஸ்" என்றால் மேலே போ என்று ஆகிவிட்டது. படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சியராவில் அந்தக் கட்டளை என்ன சொல்லும் தெரியுமா? பழையபடி "மேக் ஓஎஸ் எக்ஸ்" என்றே சொல்லும். 10.12 மட்டுமல்ல, 2019-இன் 10.15 கேட்டலினா வரை அப்படியே சொல்லிக்கொண்டிருந்தது. மேல் மூலை மெனுவைத் திறந்து கணினியைப் பற்றிய சாளரத்தைப் பார்த்தால் மேக்ஓஎஸ் சியரா. பக்கத்திலேயே டெர்மினலைத் திறந்து கேட்டால் மேக் ஓஎஸ் எக்ஸ். ஒரே கணினி, ஒரே நேரம், இரண்டு பெயர்.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்று பிறகு புரிந்தது. உலகெங்கும் எத்தனையோ ஸ்கிரிப்டுகள் அந்தப் பதிலை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். அதை மாற்றினால் அத்தனையும் விழும். பெயரைப் பலகையில் மாற்றலாம், பத்திரத்தில் மாற்ற நாளாகும். மற்ற தளங்களிலும் இதே கதைதான். சோலாரிஸ் 10 ஓடும் கணினியிடம், இயங்குதளத்தின் பெயரைச் சொல்லும் "யூநேம்" கட்டளையில் கேட்டால் அது இன்றும் தன்னை சன்ஓஎஸ் 5.10 என்கிறது. விண்டோஸ் 11-இன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் பொருளின் பெயர் எனும் இடத்தைப் பார்த்தால் விண்டோஸ் 10 என்றிருக்கும். பில்டு எண் (உள் பதிப்பு எண்) 22000 அல்லது அதற்கு மேல் இருப்பதை வைத்துத்தான் அது 11 என்று கண்டுகொள்ள வேண்டும். 2020-இல் ராஸ்பியன் என்ற பெயர் ராஸ்பெர்ரி பை ஓஎஸ் ஆன பிறகும் அதன் 32 பிட் பதிப்பின் அடையாளக் கோப்பு ராஸ்பியன் என்றே சொல்லிவந்தது. மேக்கில் ஓடும் உலாவிகள் இணையத்தளங்களுக்குத் தங்களை அறிமுகம் செய்துகொள்ளும் வரியில் "இன்டெல் மேக் ஓஎஸ் எக்ஸ்" என்ற சொற்கள் இன்றைக்கும் இருக்கின்றன, உள்ளே இருப்பது ஆப்பிளின் சொந்தச் சில்லாக இருந்தாலும்.

ஸ்கிரிப்டைப் பழையபடி ஆக்கினோம். டிக்கெட்டை மூடினோம். அதுவும் தவறான திருத்தம் என்பது நான்கு ஆண்டு கழித்துத் தெரிந்தது. பிறகு அந்தக் கதைக்கு வருகிறேன்.

அதன்பின் மொத்தக் கமிட்டையும் திரும்பப் பெற்று, பழைய பெயர் வந்த ஒவ்வோர் இடத்தையும் கண்ணால் பார்க்கத் தொடங்கினோம். அலுப்பான வேலைதான், ஆனால் அதில்தான் விஷயம் பிடிபட்டது. ஒரே சொல் கையேட்டில் ஒரே வேலையைச் செய்யவில்லை. வாசகரோடு இன்றைக்குப் பேசுகிற வாக்கியம் ஒன்று: "இதை மேக்கில் நிறுவ இப்படிச் செய்யுங்கள்." அதில் புதுப் பெயர்தான் வர வேண்டும், சந்தேகமே இல்லை. நடந்து முடிந்ததைச் சொல்லும் வாக்கியம் இன்னொன்று: "10.6 ஸ்னோ லெப்பர்டுக்கான ஆதரவு இந்த வெளியீட்டோடு நிற்கிறது." ஸ்னோ லெப்பர்ட் ஒருநாளும் மேக்ஓஎஸ் என்ற பெயரில் விற்கப்படவில்லை. பழைய வெளியீட்டுக் குறிப்பில் போய் அதை மேக்ஓஎஸ் ஆக்குவது, பாட்டியின் பள்ளிச் சான்றிதழில் கல்யாணத்துக்குப் பிந்தைய பெயரை எழுதுவது போல. வெளியீட்டுக் குறிப்புகளை ஒட்டுமொத்தமாகத் தொடக்கூடாத பட்டியலில் வைத்தோம்.

மூன்றாவது, கணினிக்கு மட்டும் பொருள்படும் சொல். நிரலைத் தொகுக்கும்போது குறைந்தபட்சப் பதிப்பைச் சொல்லும் சூழல் மாறியின் பெயரில் இன்றும் "மேக்ஓஎஸ்எக்ஸ்" என்றுதான் இருக்கிறது. நிரலைக் கட்ட உதவும் சிமேக் கருவியின் மாறிகள் "ஓஎஸ்எக்ஸ்" என்ற சொல்லைச் சுமக்கின்றன. மைக்ரோசாஃப்டின் நிரல் மேடையான டாட்நெட்டில் இயங்குதள அடையாளம் "ஓஎஸ்எக்ஸ்" என்றே தொடங்குகிறது. நிரல் எழுத உதவும் பைத்தானும் நோடும் இந்தப் பெயர்ச் சண்டையிலேயே கலந்துகொள்ளாமல் அடியில் இருக்கும் அடிப்படை இயங்குதளத்தின் பெயரான "டார்வின்" என்பதைத் தருகின்றன. ஆப்பிளின் நிரல்மொழியான ஸ்விஃப்ட் மட்டும் பழையதையும் புதியதையும் இரண்டையும் ஏற்கிறது. இவற்றில் ஓர் எழுத்தைத் தொட்டாலும் எடுத்துக்காட்டு ஓடாது. நான்காவது, திரையில் வாசகர் காணப்போவது. கட்டளையின் வெளியீட்டைக் காட்டும் பெட்டியில் திரையில் என்ன வருமோ அதுதான் இருக்க வேண்டும், அழகாக இருக்கட்டும் என்று நாம் திருத்தக் கூடாது.

இந்த நாலும் தெளிவாகப் பிரிந்துவிட்டதாக நினைத்தோம். உடனே பிரியாத வாக்கியம் ஒன்று வந்து நின்றது: தேவைகள் பட்டியலில் "ஓஎஸ் எக்ஸ் 10.9 அல்லது அதற்கு மேல்". 10.9 மேவரிக்ஸ் தன் காலத்தில் ஓஎஸ் எக்ஸ். ஆனால் "அதற்கு மேல்" என்றதும் சியராவும் உள்ளே வந்துவிடுகிறது, அது மேக்ஓஎஸ். வரலாறு என்று பார்த்தால் பழைய பெயர், வாசகரோடு பேசுவது என்று பார்த்தால் புதுப் பெயர். "ஓஎஸ் எக்ஸ் 10.9 முதல் மேக்ஓஎஸ் 10.12 வரை" என்று எழுதலாமா என்று ஒருவர் கேட்டார். சரியானதுதான், ஆனால் படிக்கிறவர் இவை இரண்டும் வெவ்வேறு பொருள் என்று நினைத்துக்கொள்வார். அரைமணி நேரம் வாதாடிய பிறகு நான் ஒரு முடிவு சொன்னேன்: வரம்பின் மேல்முனை இன்றைக்கும் திறந்திருந்தால் இன்றைய பெயர், இரு முனையும் பழைய காலத்தில் மூடிக்கிடந்தால் அந்தக் காலத்துப் பெயர். ஆகவே "மேக்ஓஎஸ் 10.9 அல்லது அதற்கு மேல்". துல்லியம் பார்க்கிறவருக்கு இது உறுத்தும். எனக்கும் கொஞ்சம் உறுத்துகிறது. ஆனால் தன் கணினி தேறுமா தேறாதா என்று பார்க்க வந்தவருக்குப் பெயரின் வரலாறு வேண்டாம், எண் போதும்.

10.7 லயனைப் பற்றியும் சண்டை வந்தது. விளம்பரத்தில் ஓஎஸ் எக்ஸ் லயன், கணினிச் சாளரத்தில் மேக் ஓஎஸ் எக்ஸ். திரையில் இருப்பதை எடுத்துக்கொண்டு நகர்ந்தோம். அதற்கு மேல் நேரம் செலவழிக்கத் தகுந்த கேள்வி அல்ல அது.

தலைப்புகளை மாற்றியதில் இன்னோர் அடி விழுந்தது. தலைப்பிலிருந்து பக்கத்தின் உள்முகவரி தானாக உருவாகும் ஏற்பாடு எங்களுடையது. தலைப்பில் பெயர் மாறியதும் உள்முகவரியும் மாறிவிட்டது, வெளியிலிருந்து அந்தப் பகுதிக்கு வந்த லிங்க் எல்லாம் பக்கத்தின் உச்சியில் கொண்டுபோய் விட்டன. தலைப்புக்குப் பழைய அடையாளத்தைக் கையால் கட்டி வைத்தோம். இன்றும் எங்கள் நிறுவல் பகுதியின் தலைப்பு மேக்ஓஎஸ், முகவரி மட்டும் மேக் ஓஎஸ் எக்ஸ். அது யார் கண்ணையும் உறுத்தியதாகத் தெரியவில்லை. தேடலுக்காகவும் ஒன்று செய்தோம்: பழைய பெயரை அருஞ்சொல் அட்டவணையில் விட்டுவைத்து, "மேக்ஓஎஸ் காண்க" என்று கைகாட்டினோம். பெயர் மாறிவிட்டது என்று நாம் அறிவித்த அன்றே மக்கள் விரல் மாறிவிடாது, தேடல் பெட்டியில் பழைய பெயரைத்தான் அடிப்பார்கள்.

இனி தமிழுக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் பட்ட பாடு இதற்கு முன் ஒன்றுமில்லை.

எங்கள் மொழிபெயர்ப்பு கெட்டெக்ஸ்ட் முறையில் நடக்கிறது. மூல வாக்கியமே அதில் சாவி. சாவியில் ஒரு சொல் மாறினாலும் பழைய மொழிபெயர்ப்பு அதற்குப் பொருந்தாது. கருவி நெருக்கமான பழையதைத் தேடி எடுத்து, "ஐயத்துக்குரியது" என்ற கொடியைக் கட்டி வைக்கும். கொடி கட்டிய வாக்கியத்தை இறுதிக் கோப்பில் சேர்க்காது. விளைவு என்ன? ஆங்கில மூலத்தில் நான் ஒரு பெயரை மாற்றிய மறுநாள், தமிழ்க் கையேட்டில் அந்தப் பெயர் வந்த ஒவ்வொரு பத்தியும் ஆங்கிலமாகத் தெரிந்தது. அழகாக மொழிபெயர்த்து, சரிபார்த்து வைத்த பத்திகள். உள்ளே வாக்கியம் பத்திரமாகத்தான் இருந்தது. கொடி அவிழும் வரை வெளியே வராது, அவ்வளவுதான். மூலத்தைத் தொடுகிறவர்கள் இதை அறிவதே இல்லை. அவர்களுக்கு அது ஒரு சொல், மொழிபெயர்ப்பாளருக்கு அது ஒரு வாரம்.

சரி, கொடியை அவிழ்ப்பதற்குத் தமிழிலும் தேடி மாற்றிவிடலாம் என்று பார்த்தால் வேற்றுமை உருபு நிற்கிறது. எங்கள் கோப்பில் "ஓஎஸ் எக்ஸ்" என்று தனியாக நின்ற இடம் குறைவு. "ஓஎஸ் எக்ஸில்", "ஓஎஸ் எக்ஸுக்கு", "ஓஎஸ் எக்ஸை", "ஓஎஸ் எக்ஸின்" என்றுதான் நிரம்பிக் கிடந்தது. எக்ஸ் என்ற வடிவத்தைத் தேடினால் எக்ஸில் என்பது அகப்படாது, ஏனென்றால் அங்கே புள்ளி போய் இகரம் ஏறிவிட்டது. புள்ளியை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் தேடினால் அகப்படுகிறது, ஆனால் மாற்றியபின் "மேக்ஓஎஸ்ில்" என்று புள்ளிமேல் இகரக் குறி ஏறிய விநோத எழுத்து வருகிறது. யூனிகோடில் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதை எவரும் இதைவிட நன்றாகக் கற்றுக்கொள்ள முடியாது. கடைசியில் "ஓஎஸ் எக்ஸ" என்பதை "மேக்ஓஎஸ" என்று மாற்றினால் ஒட்டியிருக்கும் குறி எதுவானாலும் தானாகச் சரியான எழுத்தில் உட்காரும் என்று கண்டுபிடித்தோம்: எக்ஸில் எஸில் ஆகும், எக்ஸுக்கு எஸுக்கு ஆகும். இரண்டு பெயரும் "ஸ்" என்ற ஒலியில் முடிந்தது நம் அதிர்ஷ்டம். வேறு எழுத்தில் முடிந்திருந்தால் ஒவ்வொன்றையும் கையால்தான் திருத்தியிருக்க வேண்டும்.

இந்த நேரத்தில் குழுவில் ஒருவர் நல்ல யோசனை என்று ஒன்றைக் கொண்டுவந்தார். பெயரை எங்குமே எழுத வேண்டாம், ஒரு மாறியாக வைத்துவிடலாம், அடுத்த தடவை பெயர் மாறினால் ஓரிடத்தில் மாற்றினால் போதும். கேட்க இனிமையாக இருந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆங்கிலத்திலேயே "அ", "ஆன்" என்பது மாறிக்கு வெளியே நிற்கிறது, அது தன்னால் மாறாது. தமிழிலோ பெயருக்கும் உருபுக்கும் நடுவே சுவர் எழுப்பிவிடும். "மேக்ஓஎஸ் இல்" என்று வாக்கியம் முழுக்கப் பல் இடுக்கு விழும். அதைவிடப் பெரிய சிக்கல், மாறி வரலாற்றையும் சேர்த்து மாற்றிவிடும். பதிவிறக்க அட்டவணைக்கும் தேவைகள் பட்டியலுக்கும் மட்டும் மாறி வைத்தோம். உரைநடையில் பெயரைப் பெயராகவே எழுதுகிறோம்.

மாறிக்குப் பதிலாகக் காவலுக்கு ஒன்று போட்டோம். உரைநடையைச் சோதிக்கும் வேல் என்ற கருவி. நம் காதுக்கு வாய்த்த பெயர். பழைய பெயரைக் கண்டால் எச்சரிக்கும்படி ஒரு விதி எழுதினோம். நிரல் பெட்டிகளை அது இயல்பாகவே விட்டுவிடும், ஆகவே "ஓஎஸ்எக்ஸ்" வகையறாக்கள் தப்பின. வெளியீட்டுக் குறிப்புகள் இருக்கும் கோப்புறையை விதியிலிருந்து விலக்கினோம். கவனிக்க வேண்டியது ஒன்று: அது எச்சரிக்கத்தான் செய்யும், தானாகத் திருத்தாது. தானாகத் திருத்தும் வசதி இருந்திருந்தாலும் போட்டிருக்க மாட்டேன், ஒருமுறை பட்டது போதும்.

நான்கு ஆண்டு அமைதியாகப் போனது. 2020 நவம்பர் 12 அன்று பிக் சர் வந்தது. பதிப்பு எண் 10-இலிருந்து 11-க்குத் தாவியது. கூடவே, எஸ்டபிள்யூ வெர்ஸ் கட்டளை முதல் தடவையாக "மேக்ஓஎஸ்" என்று பதில் சொல்லத் தொடங்கியது. 2016-இல் நாங்கள் அவசரமாகப் பழையபடி ஆக்கியிருந்த ஸ்கிரிப்ட் "மேக் ஓஎஸ் எக்ஸ்" என்ற பதிலுக்காகக் காத்திருந்தது. மறுபடி அதே டிக்கெட், அதே வரி: இந்த இயங்குதளத்துக்கு ஆதரவு இல்லை. என்னுடைய தவறான கமிட்டை நாங்கள் திரும்பப் பெறாமல் இருந்திருந்தால், பிக் சரில் அது சரியாக ஓடியிருக்கும். இதை அலுவலில் யாரிடமும் நான் பெருமையாகச் சொன்னதில்லை.

இந்த முறைதான் உண்மையான திருத்தம் செய்தோம். காட்சிக்கு வைத்த பெயரை ஸ்கிரிப்ட் ஒப்பிடவே கூடாது. "யூநேம்" கட்டளையைக் கேட்டால் டார்வின் என்று வரும். 2001-இலும் அதுதான், இன்றும் அதுதான். பதிப்பு வேண்டுமென்றால் எண்ணாக வாங்கி எண்ணாக ஒப்பிட வேண்டும். அங்கேயும் ஒரு குழி உண்டு: பழைய எஸ்டிகேயில் (நிரல் உருவாக்கும் கருவித்தொகுதி) கட்டிய நிரல்கள் கேட்டால் பிக் சர் தன்னை 11 என்று சொல்லாமல் 10.16 என்று சொல்லிக்கொள்ளும், பழைய கணக்கில் எழுதியவை முறியாமல் இருப்பதற்காக. கையேட்டில் இதற்கென்று ஒரு சிறு குறிப்பே எழுத வேண்டியிருந்தது. "10.எக்ஸ் பதிப்புகள்" என்று பொதுவாக எழுதியிருந்த வாக்கியங்களையும் அப்போதுதான் தோண்டி எடுத்தோம். பெயரைக் காவல்காத்த வேல் எண்ணைக் காவல்காக்கவில்லை. 2025-இல் பதிப்பு 15-இலிருந்து நேராக 26-க்குப் போனபோது எங்களுக்கு ஒரே ஒரு அட்டவணையைத்தான் திருத்த வேண்டியிருந்தது, அதுவும் மாறி வைத்த அட்டவணை. யோசனை சொன்ன அந்த நண்பர் அன்று ஒரு சிரிப்புச் சிரித்தார்.

நிறுவல் பக்கத்தின் அடியில் பழைய பதிப்புகளுக்கான ஒரு பெட்டி இன்னும் இருக்கிறது. அதில் கட்டளையின் வெளியீடாக "மேக் ஓஎஸ் எக்ஸ், 10.15" என்று காட்டியிருக்கிறோம், கேட்டலினாவில் திரை காட்டுவது அதைத்தான். அதற்கு மேலேயே மூலக் கோப்பில் "இதைத் திருத்த வேண்டாம்" என்று ஒரு கருத்துவரி உண்டு. ஆனாலும் சில மாதங்களுக்கு ஒருமுறை புதிதாக யாராவது வந்து, பெயர் பழையதாக இருக்கிறதே என்று நல்லெண்ணத்தோடு ஒரு திருத்தம் அனுப்புவார்கள். நன்றி சொல்லி, காரணத்தை இரண்டு வரியில் எழுதி, மூடிவிடுகிறேன்.